கரண்ட் வச்சும் மூளைக்கட்டி ஏன் திரும்ப வருது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மூளைக்கட்டிக்கு ரேடியேஷன், அதாவது நம்ம ஊர் பாஷைல கரண்ட், குடுக்கறத பத்தி "சில கட்டி கரையும், சில கட்டி கேக்காது"ன்னு ரெண்டு வரி எழுதியிருந்தேன். ஏன் கேக்காதுன்னு சொல்லாம விட்டா எப்டின்னு கடிதம் வந்து குவிஞ்சிருச்சு, அதுல கொஞ்சம் திட்டும் உண்டு. அதனால இந்த இதழ் முழுக்க இதே சமாச்சாரம்தான். சர்க்கரை, மூட்டுவலி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கணும்.

சார், அப்பாவுக்கு 58 வயசு. கிளியோபிளாஸ்டோமான்னு சொல்லி ஆபரேஷன் பண்ணி, 30 நாள் கரண்ட் வச்சாங்க, கூடவே மாத்திரையும் குடுத்தாங்க. ஏழு மாசத்துல அதே இடத்துல திரும்ப வந்துருச்சு. பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் தலையில கட்டிதான், கரண்ட் வச்சு பத்து வருஷமா கோயிலுக்கெல்லாம் போய்ட்டு வர்றாங்க. அப்பாவுக்கு டோஸ் கம்மியா குடுத்துட்டாங்களா? – வாசகர், ஈரோடு

தம்பி, கிளியோபிளாஸ்டோமாங்கறது மூளைக்குள்ளயே உண்டாகி வேகமா வளர்ற கேன்சர். டோஸ் கம்மி இல்ல. மொதல்ல அந்த உறுத்தல மனசுலேர்ந்து எடுத்துடுங்க. ஒரு நாளைக்கு 2 கிரே (கிரேங்கறது ரேடியேஷன் டோஸோட அளவு), திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும், ஆறு வாரம், மொத்தம் 60 கிரே, கூட டெமோசோலமைடு மாத்திரை. சென்னையானாலும் லண்டனானாலும் அப்பா வயசுக்கு இதே கணக்குதான். 2005ல ரோஜர் ஸ்டுப்னு ஒரு டாக்டர் தலைமைல 573 நோயாளிங்கள வச்சு நடந்த ஆய்வுக்கு அப்புறம் உலகம் பூரா இதுதான் முறை. அதுல ரேடியேஷன் மட்டும் வாங்கினவங்களோட நடுக்கணக்கு ஆயுள் 12.1 மாசம், மாத்திரையும் சேத்து வாங்கினவங்களுக்கு 14.6 மாசம். நடுக்கணக்குன்னா பாதி பேர் அத தாண்டியும் இருந்தாங்க, அஞ்சு வருஷம் கழிச்சும் சேத்து வாங்கினவங்கள்ல கிட்டத்தட்ட பத்துல ஒருத்தர் இருந்தாங்க. நம்பர் கசப்பாதான் இருக்கு, ஆனா மறைச்சு என்ன ஆகப்போகுது.

பக்கத்து வீட்டு அம்மாவோட ஒப்பிடாதீங்க. அவங்களுக்கு அனேகமா மெனிஞ்சியோமாவா இருக்கும்னு என் யூகம். அது மூளைக்கு மேல இருக்கற உறைல வர்றது, பெரும்பாலும் கேன்சரே கிடையாது, மெதுவா வளரும், கரண்ட் வச்சா அப்டியே நின்னுடும். தலைக்குள்ள வர்றது எல்லாத்துக்கும் "பிரெய்ன் டியூமர்"னு ஒரே பேர் வச்சுட்டோம், ஆனா உள்ள நூத்துக்கும் மேல வகை இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கரண்டுன்னு நம்ம ஊர்ல சொல்றோமே தவிர ஷாக் எதுவும் கிடையாது, வீரியம் கூடின எக்ஸ்ரே, அவ்ளோதான். அது கட்டிய பொசுக்கறதும் இல்ல. செல்லுக்குள்ள இருக்கற தண்ணிய உடைச்சு, அதுலேர்ந்து கிளம்பற வேதிப்பொருள வச்சு டிஎன்ஏவ அறுக்குது, சில சமயம் நேராவே போய் அறுக்குது. 1 கிரே விழுந்தா ஒரு செல்லுல டிஎன்ஏவோட ரெண்டு இழையும் சேந்தாப்ல அறுந்த இடம் சுமாரா 40 இருக்கும். அத ஒட்ட முடியாத செல் அடுத்து ரெண்டா பிரியப்போற நேரத்துல செத்துப்போகும். அதாவது ரேடியேஷன் வேலை செய்யணும்னா ரெண்டு நடக்கணும், ஒண்ணு டிஎன்ஏ அறுபடணும், இன்னொண்ணு அறுந்தத செல் ஒட்டிக்காம இருக்கணும். கிளியோபிளாஸ்டோமா ரெண்டுலயுமே கெட்டி.

ஒட்டறத மொதல்ல சொல்றேன், ஏன்னா எனக்கு இதுதான் முக்கியமான காரணம்னு படுது. கட்டிக்குள்ள எல்லா செல்லும் ஒரே மாதிரி இல்ல. ஒரு சின்ன கூட்டம் இருக்கு, ஸ்டெம் செல் மாதிரி நடந்துக்கும், அது ஒண்ணு தப்பிச்சா போதும் முழு கட்டியையும் திரும்ப உண்டாக்கிடும். 2006ல அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல ஜெரமி ரிச்சோட குழு இந்த செல்கள தனியா பிரிச்சு ரேடியேஷன் குடுத்து பாத்தாங்க. மத்த செல் அளவுக்குத்தான் இதுக்கும் அடி விழுது, ஆனா விழுந்த உடனே "நில்லு, பிரியாத, மொதல்ல ரிப்பேர் பண்ணு"ன்னு உள்ள ஒரு அலாரம் இதுல மத்ததவிட வேகமா அடிக்குது. செக்1, செக்2ன்னு ரெண்டு புரோட்டீன் அந்த வேலைய பாக்குது. ஒட்டி முடிச்சதும் திரும்ப பிரிய ஆரம்பிச்சுடுது. கரண்ட் வச்சதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கற கட்டிய எடுத்து பாத்தா இந்த வகை செல்லோட பங்கு முன்னவிட கூடியிருக்கு, ஏன்னா லேசானது செத்துப்போச்சு, கெட்டியானது நின்னுடுச்சு.

அடுத்தது ஆக்சிஜன். டிஎன்ஏ அறுந்த இடத்துல ஆக்சிஜன் இருந்தா அந்த அறுப்பு நிலையாயிடும், ஒட்டறது கஷ்டம். ஆக்சிஜன் இல்லாத இடத்துல அதே அளவு சேதம் பண்ண இரண்டரைலேர்ந்து மூணு மடங்கு டோஸ் வேணும். இத 1950கள்ல லண்டன்ல காட்டினவர் ஹெரால்ட் கிரே, டோஸ நாம இன்னைக்கு கிரேன்னு சொல்றதே அவர் பேர்லதான். கிளியோபிளாஸ்டோமா கண்டபடி வேகமா வளர்றதால ரத்தக்குழாய் கோணல்மாணலா இருக்கும், நடுவுல பல இடம் செத்து அழுகிப்போய், அத சுத்தி மூச்சுத்திணறி உயிரோட இருக்கற செல் வரிசையா நிக்கும், பயாப்சி ஸ்லைடுல இது பளிச்சுன்னு தெரியும். அந்த செல்லுக்குத்தான் கரண்ட் சரியா உறைக்கிறதில்ல. சரி ஆக்சிஜன் குடுத்துக்கிட்டே கரண்ட் வச்சா என்னன்னு நீங்க கேப்பீங்க. அழுத்தத்துல ஆக்சிஜன் குடுத்தும் பாத்தாச்சு, ஆக்சிஜன் வேலைய பண்ற மருந்து குடுத்தும் பாத்தாச்சு, மூளைக்கட்டில சொல்லிக்கற மாதிரி பலன் வரல.

அப்புறம் இது பரவற விதம், அருகம்புல் மாதிரி, மேல தெரியறத வெட்டி எடுத்தாலும் மண்ணுக்கடியில வேர் எவ்ளோ தூரம் ஓடியிருக்குன்னு யாருக்கும் தெரியாது. 1928ல அமெரிக்காவுல வால்ட்டர் டேண்டின்னு ஒரு சர்ஜன், ஏற்கனவே ஒரு பக்கம் கை கால் விழுந்துபோன நோயாளிகளுக்கு மூளையோட வலது பாதிய முழுசாவே எடுத்து பாத்தார். அதுக்கு அப்புறமும் கட்டி வந்துச்சு. அதனாலதான் இப்ப கரண்ட் வைக்கிறப்ப எம்ஆர்ஐல தெரியற இடத்துக்கு வெளியவும் ஒண்ணரை ரெண்டு சென்டிமீட்டர் சேத்து வைக்கிறாங்க. ஆனா வேடிக்கை என்னன்னா, திரும்ப வர்ற கட்டில பெரும்பாலானது அந்த ரெண்டு சென்டிமீட்டருக்குள்ளயேதான் வருது, உங்க அப்பாவுக்கு வந்த மாதிரி. அதாவது முழு டோஸ் விழுந்த இடத்துலயே செல் பொழச்சு நிக்குது. கரண்ட் எட்டாம தப்பிச்சது கொஞ்சம்தான், வாங்கியும் சாகாததுதான் நெறைய.

இன்னொண்ணு இருக்கு, இது எனக்கு படிக்கறப்பவே உடம்பு சிலிர்த்துச்சு. 2015ல ஜெர்மனி ஹைடல்பெர்க்ல ஃபிராங்க் விங்க்ளரோட குழு எலியோட மண்டையில சின்ன ஜன்னல் வச்சு மாசக்கணக்கா இந்த செல்கள நேர்ல பாத்துட்டே இருந்தாங்க. ஒவ்வொரு செல்லும் முடியவிட மெல்லிசா நீளமா குழாய் விட்டு இன்னொரு செல்லோட கோத்துக்குது, அது வழியா கால்சியம் சிக்னல் போகுது வருது. கரண்ட் வச்சப்ப தனியா நின்ன செல் செத்துச்சு, கோத்துக்கிட்டு நின்னதுங்க பாரத்த பங்கு போட்டு பொழச்சுச்சு. ஆலிகோடென்ட்ரோகிளியோமான்னு இன்னொரு கட்டி இருக்கு, அதுல ரெண்டு குரோமோசோம் துண்டு காணாம போயிருக்கும், அந்த கட்டில இந்த குழாய் வலை கிட்டத்தட்ட இல்ல. அது கரண்டுக்கும் மருந்துக்கும் நல்லா கேக்கும், ரெண்டும் சேத்து வாங்கினவங்க நடுக்கணக்கா 14 வருஷத்துக்கு மேல இருந்திருக்காங்க.

அப்பாவுக்கு இப்ப இருக்கற வழி ரெண்டாவது ஆபரேஷனா, வேற மருந்தா, திரும்ப கொஞ்சம் கரண்டாங்கறது கட்டி இருக்கற இடத்தையும் அவரோட தெம்பையும் பாத்து அவர பாக்கற டாக்டர்தான் சொல்லணும். நான் இங்க உக்காந்துட்டு சொன்னா அது தப்பு.

அப்போ டோஸ ஏத்தி ஒரேயடியா முடிச்சுட வேண்டியதுதானே? – வாசகர், மதுரை

எல்லாருக்கும் முதல்ல தோணறது இதுதான், டாக்டர்களுக்கும் தோணுச்சு. 1970கள்ல அமெரிக்காவுல 50 கிரேலேர்ந்து 60க்கு ஏத்தினப்ப ஆயுள் கூடுச்சு. சரின்னு அதுக்கு மேல ஏத்துனாங்க, ஒண்ணும் கூடல. சமீபத்துல கூட நல்ல மெஷின்ல, குறி பிசகாம, 75 கிரே வரைக்கும் குடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு, 60 வாங்கினவங்களவிட ஆயுள் கூடல.

ஏத்தறதுக்கு எல்லையும் இருக்கு. கண் நரம்பும் மூளைத்தண்டும் 54 கிரே பக்கத்துலயே போதும்னு சொல்லிடும், மீறினா பார்வை போகும், விழுங்க முடியாம போகும். நல்ல மூளையே அழுகிப்போறதும் உண்டு, மாசம் கழிச்சோ வருஷம் கழிச்சோ தெரியும். தினமும் கொஞ்சமா குடுக்கறதே இதுக்குத்தான், ராத்திரியில நல்ல செல் ரிப்பேர் பண்ணிக்கும், கட்டி செல்லுக்கு அது சரியா வராதுங்கற நம்பிக்கைல. கிளியோபிளாஸ்டோமாகிட்ட அந்த கணக்கு உதைக்குது, அதுவும் ராத்திரியில உக்காந்து ரிப்பேர் பண்ணிக்குது.

பணம் இருந்து அமெரிக்கா போனா காப்பாத்திட முடியுமா? நிலத்த விக்கலாம்னு அண்ணன் சொல்றார். – வாசகி, திருவண்ணாமலை

அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடிக்கு 2008 மே மாசம் இதே கட்டி கண்டுபிடிச்சாங்க, 2009 ஆகஸ்ட் 25ல இறந்தார். செனட்டர் ஜான் மெக்கெய்னுக்கு 2017 ஜூலைல கண்டுபிடிச்சாங்க, 2018 ஆகஸ்ட் 25ல, அதே தேதில இறந்தார். அவங்களுக்கு கிடைக்காத வைத்தியம் எதுவும் அந்த நாட்டுல இல்ல. நிலத்த விக்காதீங்கம்மா.

எங்க அண்ணன் பொண்ணுக்கு ஆறு வயசு. மூளைத்தண்டுல கட்டி, ஆபரேஷன் பண்ண முடியாதுன்னுட்டாங்க. கரண்ட் வச்ச உடனே கண்ணு நேராச்சு, ஓடி விளையாடினா, எல்லாரும் சரியாயிடுச்சுன்னு நெனச்சோம். நாலு மாசத்துல பழையபடி ஆயிட்டா. குணமான கட்டி எப்டி திரும்ப வரும்? – வாசகி, சேலம்

அம்மா, இந்த கடிதத்த ரெண்டு மூணு தடவ படிச்சேன். நீங்க சொல்றத பாத்தா டிஐபிஜின்னு சொல்ற கட்டி மாதிரி இருக்கு. இதுக்கு கரண்ட் குடுத்தா முதல்ல முக்கால்வாசி குழந்தைங்க தேறும், ஏன்னா வீக்கம் வத்தும், வேகமா பிரியற செல் சாகும். உள்ள கெட்டியானது அப்டியே இருக்கும். குணமானதில்லம்மா அது, கொஞ்ச நாள் கிடைச்சது. நிலாவுல கால் வச்ச நீல் ஆம்ஸ்ட்ராங்கோட பொண்ணு கேரனுக்கு இதே இடத்துல கட்டி, எக்ஸ்ரே வச்சு கொஞ்ச நாள் எழுந்து நடந்தா, 1962 ஜனவரில ரெண்டு வயசுல போயிட்டா. அதுக்கப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, மெஷினெல்லாம் எங்கயோ போயிடுச்சு, இந்த ஒரு கட்டில மட்டும் ரேடியேஷன் பெருசா முன்னேறல.

இதே வயசு குழந்தைங்களுக்கு வர்ற மெடுல்லோபிளாஸ்டோமா கரண்டுக்கு ரொம்ப நல்லா கேக்கும். ஜெர்மினோமான்னு இன்னொண்ணு, அதுல பத்துல ஒம்பது பேருக்கு மேல குணமாயிடுவாங்க. வித்தியாசம் எங்கன்னா, டிஎன்ஏ ரொம்ப அடிபட்டா "இனி நீ இருக்காத, செத்துப்போ"ன்னு செல்லுக்கு உத்தரவு போடற ஒரு ஜீன் இருக்கு, பி53ன்னு பேர். ஜெர்மினோமாவுல பொதுவா அது நல்லா இருக்கும், அதனால கொஞ்சம் கரண்டுக்கே செல் தானா செத்துடும். டிஐபிஜில நெறைய குழந்தைங்களுக்கு அந்த ஜீனே பழுதாயிருக்கு, பழுதானவங்களுக்குத்தான் கரண்ட் இன்னும் கம்மியா கேக்குதுன்னும் பாத்திருக்காங்க. மெடுல்லோபிளாஸ்டோமாவுல கூட ஒரு வகைல இந்த ஜீன் கெட்டிருந்தா அந்த நல்ல கட்டியும் கேக்காத கட்டியாயிடும்.

திரும்ப வந்ததுக்கு அப்புறம் சின்ன டோஸ்ல இன்னொரு தடவ கரண்ட் வைக்கிற பழக்கம் இருக்கு, குணப்படுத்த இல்ல, குழந்தை நல்லா விழுங்கணும் பேசணும்ங்கறதுக்காக. அத கேட்டு பாருங்க. வலி, தூக்கம், சாப்பாடு பாக்கற பாலியேட்டிவ் டீம் இருந்தா இப்பவே சேத்துக்கோங்க, கடைசில கூப்பிடலாம்னு வைக்காதீங்க.

ரிப்போர்ட்ல "ஐடிஎச் மியூட்டன்ட்"னு போட்டிருக்கு. மியூட்டேஷன்னா மோசம்தானே? – வாசகர், புதுச்சேரி

இல்ல. ஐடிஎச்ங்கறது ஒரு ஜீன், மியூட்டேஷன்னா அதுல வந்த மாற்றம், இந்த விஷயத்துல அது இருக்கறது நல்ல செய்தி. 2008ல கண்டுபிடிச்சது இது, இருக்கறவங்க இல்லாதவங்களவிட வருஷக்கணக்கா கூட இருக்காங்க. 2021லேர்ந்து உலக சுகாதார நிறுவனம் வகைப்பாட்டையே மாத்திடுச்சு, பெரியவங்களுக்கு ஐடிஎச் மியூட்டேஷன் இருந்தா அதுக்கு கிளியோபிளாஸ்டோமான்னே பேர் கிடையாது.

ஆனா இதுலயும் ஒரு முடிச்சு. மிச்சிகன் பல்கலைக்கழகத்துல மரியா காஸ்ட்ரோவோட குழு 2019ல எலில பாத்தப்ப, ஐடிஎச் மியூட்டேஷனோட பி53யும் ஏடிஆர்எக்ஸ்னு இன்னொரு ஜீனும் கெட்டிருந்தா, கட்டி மெதுவாத்தான் வளருது, ஆனா டிஎன்ஏ ரிப்பேர் வேலைல கில்லாடியாயிடுது, கரண்டுக்கு கேக்க மாட்டேங்குது. நான் மேல சொன்ன செக்1, செக்2 அலாரத்தையோ அதுக்கு மேலதிகாரியான ஏடிஎம்ங்கற புரோட்டீனையோ மருந்து போட்டு அடைச்சப்ப திரும்ப கேக்க ஆரம்பிச்சுது. ஏடிஎம்னதும் பேங்க் மெஷின நெனச்சுக்காதீங்க. மனுஷங்களுக்கு இந்த மாதிரி மருந்துங்க இன்னும் ஆய்வுலதான் இருக்கு, ஏன்னா நல்ல மூளை செல்லோட ரிப்பேரையும் அது சேத்து நிறுத்திட்டா வம்பு.

உங்களுக்கு கிரேடு 2ன்னா, அதாவது மெதுவா வளர்ற வகைன்னா, வொராசிடெனிப்னு ஒரு மாத்திரை 2024ல அமெரிக்காவுல அனுமதி வாங்கியிருக்கு. கட்டி திரும்ப வளர்றத சராசரியா 11 மாசத்துலேர்ந்து 27 மாசத்துக்கு மேல தள்ளிப்போட்டுச்சு, அது வரைக்கும் கரண்டையும் தள்ளிப்போடலாம். விலைய கேட்டா தலை சுத்தும், அது வேற.

கரண்ட் முடிச்ச அடுத்த மாசமே எம்ஆர்ஐல கட்டி பெருசாயிருக்கு. கேக்கலன்னு அர்த்தமா? – வாசகர், நாகர்கோவில்

பொறுங்க. முதல் மூணு மாசத்துல பெருசா தெரியறது பாதி நேரம் கட்டியே இல்ல. கரண்டும் டெமோசோலமைடும் சேந்து வேலை செஞ்சதால வர்ற வீக்கம் எம்ஆர்ஐல வெள்ளையா கட்டி மாதிரியே தெரியும், நாலஞ்சு பேர்ல ஒருத்தருக்காவது இது வரும், சில வாரத்துல தானா வத்தும். அதனாலதான் டாக்டர் வீக்கம் வத்த டெக்ஸாமெத்தசோன் குடுத்து, ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுப்போம்னு சொல்வார், உடனே மருந்த மாத்த மாட்டார். ஆனா கை கால் விழுந்துட்டே போனாலோ, மயக்கம், வாந்தி, ஃபிட்ஸ் வந்தாலோ ரெண்டு மாசம் காத்திருக்காதீங்க.

மஞ்சள், சர்க்கரை இல்லாத சாப்பாடு, பச்சை ஜூஸ் குடுத்தா கரண்ட் நல்லா வேலை செய்யும்னு வாட்ஸ்அப்ல வருது. – வாசகி, தஞ்சாவூர்

ரசத்துல போடற மஞ்சள் தாராளமா போடுங்க. கேப்சூல்ல வர்றத டாக்டர கேக்காம குடுக்காதீங்க, வைட்டமின் மாத்திரையும் அப்டித்தான், பெரிய டோஸ்ல அது கரண்ட் பண்ற வேலையவே தடுக்கலாம்ங்கற பயம் இருக்கு. சோத்த நிறுத்தி ஆள ஒல்லியாக்கிட்டா தினமும் படுக்கைல ஏறி இறங்கவே தெம்பு இருக்காது, முகத்துக்கு செஞ்ச அந்த வலை மாஸ்க் கூட லூசாகி திரும்ப செய்ய வேண்டி வரும்.

சென்னைல புரோட்டான் வந்திருக்காமே, அது கேக்காத கட்டியையும் கரைக்குமா? அதோட ஒரு சின்ன சந்தேகம், டாக்டர்கிட்ட ரிப்போர்ட்ல என்ன பாக்க சொல்லணும்? – வாசகர், கோயம்புத்தூர்

ஆமா, 2019லேர்ந்து சென்னைல ஒரு தனியார் மையத்துல இருக்கு, மும்பை டாட்டாவோட கார்கர் வளாகத்துலயும் வந்தாச்சு. புரோட்டான்னா எக்ஸ்ரேக்கு பதிலா அணுவுக்குள்ள இருக்கற துகள வச்சு குடுக்கற கரண்ட். அதோட சிறப்பு, அது கட்டில போய் நின்னுடும், தாண்டி அந்தப் பக்கம் போகாது. மெடுல்லோபிளாஸ்டோமா வந்த குழந்தைக்கு முதுகெலும்பு முழுக்க குடுக்கறப்ப இதயம், குடல் தப்பிக்கும், அதுக்கு பெரிய வரம். ஆனா அதுவும் அறுக்கறது டிஎன்ஏவத்தான், ஒட்டிக்கற செல் அதையும் ஒட்டிக்கும். கிளியோபிளாஸ்டோமாவுல சாதா எக்ஸ்ரேவவிட புரோட்டான் ஆயுள கூட்டினதா இது வரைக்கும் நிரூபிக்கல.

ரிப்போர்ட்ல கட்டியோட பேரும் கிரேடும் தவிர ஐடிஎச் மியூட்டேஷன் இருக்கான்னு பாக்க சொல்லுங்க, கிளியோபிளாஸ்டோமான்னா எம்ஜிஎம்டி டெஸ்டும். எம்ஜிஎம்டிங்கறது டெமோசோலமைடு பண்ற சேதத்த துடைச்சு விடற புரோட்டீன். அந்த ஜீன் மெத்திலேட் ஆகி அடங்கியிருந்தா மாத்திரை நல்லா வேலை செய்யும், ஸ்டுப் ஆய்வுலயே அப்டி இருந்து ரெண்டும் சேத்து வாங்கினவங்களுக்கு நடுக்கணக்கு 21.7 மாசம் வந்துச்சு. ஆபரேஷன் அப்போ இந்த டெஸ்ட் பண்ணலன்னா தலைய திரும்ப திறக்க வேண்டியதில்ல. எடுத்த சதைய மெழுகுல பதிச்சு சின்ன பிளாக்கா பேத்தாலஜி லேப்ல வச்சிருப்பாங்க, பயாப்சி நம்பர சொல்லி எழுதி குடுத்து கேட்டா தருவாங்க, அத எந்த நல்ல லேபுக்கு அனுப்பினாலும் பாத்து சொல்லிடுவாங்க. வெயில்ல பைக் டேங்க் கவர்ல வச்சு எடுத்துட்டு போகாதீங்க, மெழுகு உருகிடும்.